பெரட்டுக்கு வராதவன்

கோலா கெத்திலில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக் கிளம்பும்போதே மழை பிடித்துவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் ஏது? கரி அடுப்பு மூட்டித்தான் என் லாரி ஓடும். சிடாம் கிரி தாண்டி, ரப்பர் மரங்கள் இருபுறமும் நெருங்கி நின்ற வளைவில் அடுப்பு அணைந்தது. கடிகாரத்தில் ஏழு மணி. அது ஜப்பான்காரன் திணித்த தோக்கியோ நேரம்; வானம் இன்னும் வெளுக்கவில்லை.

பக்கத்தில் பரஞ்சோதி கிராணி உட்கார்ந்திருந்தார். எங்கள் தோட்டத்துக் கணக்கெழுத்தர்; தினமும் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆள் சரிபார்ப்பவர். சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டபோது, பட்டியலில் அவர் மகன் மனோகரனும் இருந்தான். அந்தப் பேரை அடித்துவிட்டு, பால் வெட்டும் பிச்சையின் பேரை எழுதினார். பிச்சையின் மனைவிக்கு அப்போது எட்டு மாதம். ஊரான் வீட்டுப் பிள்ளை என்றால் பேனா தடங்கலில்லாமல் ஓடும். பட்டியலில் இருந்த முப்பது பேரையும் ரயில் ஸ்டேசனில் இறக்கியவன் நான். என்னையும் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒருவரும் திரும்பவில்லை.

இப்போது மறுபடியும் ஆள் பிடிக்கிறார்கள். பண்டார் பாருவில் தங்கை வீட்டில் ஒளித்துவைத்த மகனை வேறிடம் மாற்றத்தான் கிராணி என் லாரியில் ஏறியிருந்தார்.

“சீக்கிரம் மூட்டு முருகையா. எம்மவன அங்கேருந்து கெளப்பணும்.”

“கரி நனைஞ்சிருச்சுங்கய்யா. கொஞ்சம் பொறுங்க.”

மழை சட்டென்று நின்றது. புளித்த ரப்பர் பால் நாற்றம் வந்தது. அந்தத் தோட்டத்தில் பால் வெட்டி இரண்டு வருஷம் ஆகிறது.

மரங்களுக்குள்ளிருந்து ஒரு குரல் பேர் கூப்பிட்டது.

“நடராஜா.”

“இருக்கேன்.”

“சடையன்.”

“இருக்கேன்.”

கூப்பிட்டது பரஞ்சோதி கிராணியின் குரல்.

அவரோ என் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு பேருக்கும் ஒரு பதில் வந்தது. எல்லாம் சயாம் போனவர்கள். கடைசியில்,

“மனோகரன்.”

பதில் இல்லை.

“மனோகரன்.”

பெரட்டில் பதில் வராவிட்டால், லயத்து வீட்டுக்கே ஆள் போய் இழுத்துவரும். கிராணிக்குத் தெரியாத வழக்கமா?

“பேசாதீங்கய்யா,” என்று கிசுகிசுத்தேன். அவர் கேட்கவில்லை. கதவைத் திறந்து குதித்து, தூங்கிப்போன கூட்டாளிக்காகப் பதில் சொல்பவரைப் போலக் கத்தினார்.

“இருக்கேன்!”



பிறகு, அவர் காதருகே பிச்சையின் குரல் கேட்டது.

“ஆள் மாத்துறது இங்க செல்லாதுங்கய்யா. பேருக்குரியவனே வரணும்.”

ஈரச் சாலையில் வெறுங்கால்கள் லாரியைக் கடந்து தெற்கே, பண்டார் பாரு பக்கம் போயின. கால் சத்தம்தான், ஆளைக் காணோம். “நான்தான், நான்தான்” என்று கதறிக்கொண்டு கிராணி பின்னால் ஓடினார். எனக்கு இரக்கம் வரவில்லை. பயம் மட்டும்தான் வந்தது.

அடுப்பு பற்றிக்கொண்டதும் லாரியை விரட்டினேன். வழியில் எங்கும் அவர் இல்லை. பண்டார் பாரு சேரும்போது நல்ல வெயில். தங்கை பாப்பம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“அண்ணன் எங்க தம்பி? வெள்ளென வந்து வாசல்ல நின்னு பேரு கூப்பிட்டாரு. மனோகரன் ‘இருக்கேம்ப்பா’ன்னு ஓடுனான். ரெண்டு பேரையும் காணோம்லா.”

நான் வாய் திறக்கும் முன், வேலிக்கு அப்பாலிருந்து கிராணியின் குரல் கேட்டது.

“முருகையா.”

பாப்பம்மாவின் முகம் மலர்ந்தது. “அண்ணன்தான் கூப்புடுறாரு. பதில் சொல்லு தம்பி.”

நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.