நாலாவது கொப்பியில் புள்ளி இல்லை

கேதீஸ்வரி ஊசிகளால் எழுத்தடிக்கும் பிரின்டரிலிருந்து ரிப்பன் பெட்டியைப் பிடுங்கினாள். பக்கக் குமிழைத் திருகித் தளர்ந்த நாடாவை இறுக்கி, மறுபடி உள்ளே அழுத்தினாள். மூன்று நொடிகூட ஆகவில்லை. அந்த அமைதிக்குள் ஒரு தட்டல் கேட்டது.

டொக்.

பிரின்டரின் தலை அசையவில்லை. ஊசி ஒன்றும் அடிக்கவில்லை.

“அதென்ன சத்தம் அக்கா?” வாசலோரக் கதிரையிலிருந்து கிராம சேவகர் டிலக்சன் கேட்டார்.

“பழைய மிஷின் சேர், ஊசி ஒண்டு லூஸ்.” அவள் வாய் திறக்குமுன் கணவன் ஜெயரூபன் முந்திக்கொண்டான். “அடி புள்ள, அடி. நிப்பாட்டாத.”

ஜெயரூபனின் அண்ணன் அருமைநாயகத்தின் தோணி நாலு நாளைக்கு முன் வாவியில் கவிழ்ந்து கிடந்தது. ஆள் கிடைக்கவில்லை. அவர் மூழ்கி இறந்தார் என்ற கடிதத்தில் கிராம சேவகர் ஒப்பம் வைத்தால் தேடுதல் நின்றுவிடும். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். அவருடைய வயல் வட்டையும் இவர்கள் கைக்கு வரும்.

நாலு தாள், இடையில் மூன்று கார்பன். வேகமாக அடித்த முதல் தாள்கட்டில் எழுத்துகள் எள்ளுச் சிந்தியதுபோல் கிடந்தன. நாலாவது கொப்பியான அடித்தாளில் மெய்யெழுத்துப் புள்ளிகளே விழவில்லை.

டிலக்சன் அதை வெளிச்சத்தில் பிடித்துச் சிரித்தார். “இஞ்ச பாருங்க, ‘இறநதார’ எண்டு கிடக்கு. புள்ளி விழாட்டி ஆள் முழுசாச் சாகல்ல அக்கா. மறுகா நான் எப்பிடி ஒப்பம் வெக்கிற?”

ஜெயரூபனும் சிரித்தான். தேவைக்கு மேல் சத்தமாக.

அவள் புதுத் தாள்களைச் செருகி, தரமான எழுத்துக்கு மாற்றி அழுத்தினாள். இனி ஒவ்வொரு வரிக்கும் இரண்டு அடி. முதல் ஓட்டத்தில் எழுத்தின் எலும்பு விழும், தாள் மயிரிழை நகர, இரண்டாவது ஓட்டத்தில் இடைவெளிகள் நிரம்பிக் கறுக்கும். சூடேறிய மையின் வாடையோடும் சன்னலால் வந்த மழை ஈரத்தோடும், எங்கிருந்தோ பாசி பிடித்த சீமெந்தின் நாற்றம் கலந்து அவள் மூக்கில் ஏறியது. ஆடிக்கொண்டிருந்த மேசையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தவள், வரிகள் இன்னும் நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

ஏனென்றால் வரிக்கும் வரிக்கும் நடுவில் தலை திரும்பி வரும். அப்போது சத்தம் இல்லை.

டொக்.

அடுத்த வரி. இரண்டு அடி. திரும்பல்.

டொக். டொக்.

மேசைக்கால் வழியாக அது கைக்கு ஏறியது.

பக்கம் முடிந்தது. டிலக்சன் நாலாவது தாளைக் கட்டைவிரலால் தடவினார். “இப்ப வடிவாக் கிடக்கு. ஆள் போயிட்டார்.” நாலிலும் ஒப்பம் வைத்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முனையில் தேய்ந்து மறைந்தது.

மழையும் விட்டிருந்தது.

டொக்.

மெலிவாக. பிறகு, நகத்தால் பிராண்டுவதுபோல்.

“பள்ளிக்கூடம் விடுற நேரம்,” என்றான் ஜெயரூபன். அவன் உதடு வெளுத்திருந்தது. “விதுர்ஷா வந்திருவாள்.”

அவள் ஒரு வெற்றுத் தாளைச் செருகினாள். ரிப்பனைக் கழற்றி வைத்தாள். மை வீணாகக் கூடாது. அதே கடிதம். அதே இரட்டை அடி.

புத்தகப் பையோடு வந்த மகள் தாளை எட்டிப் பார்த்தாள்.

“என்னம்மா அடிக்கிறீங்க? ஒண்டும் விழல்லையே?”

ஊசிகள் வெள்ளைத் தாளில் பள்ளம் பள்ளமாகக் குத்திக்கொண்டிருந்தன.

“மிஷின் பழகிறன். நீ போய்ச் சாப்பிடு.”

வீட்டைப் பெருப்பித்தபோது இந்த அறைக்குள் வந்துவிட்ட பழைய நிலத்தடித் தண்ணீர்த் தாங்கியின் மூடி, மேசைக்கு நேர் கீழே இருந்தது. நாலு நாளைக்கு முன் அண்ணனை அதற்குள் தள்ளிவிட்டு ஜெயரூபன் அழத் தொடங்கிவிட்டான். மூடியைப் போட்டு, அதன் மேல் மேசையை இழுத்து வைத்தவள் அவள்தான். மூடியைப் போடுமுன் உள்ளேயிருந்து ஒரு கை விளிம்பைப் பற்றியிருந்தது. “கேதீஸ், நீயா?” என்று நிம்மதியோடு கேட்டது குரல். “கையக் குடு புள்ள, ஏறி வாறன்.”