கோடு மிதித்தவன்

“ஏங்க... குடையா அது, ஈட்டியா? கழுத்தைக் குத்திட்டீங்களே!”

அவள் திடுக்கிட்டுக் குடையைத் தூக்கினாள். எதிரே முதலில் ஒரு மார்புதான் தெரிந்தது. முகம் அதற்கு மேல் வெகு தூரத்தில் இருந்தது. இத்தனை உயரத்துக்கு வளர்ந்துவிட்டுக் குடைக்காரியைக் குற்றம் சொன்னால் எப்படி?

“நல்லவேளை, கழுத்தோட போச்சு. என் உயரத்துல இருந்திருந்தா கண்ணு போயிருக்கும். அதுக்கு சந்தோஷப்படுங்க!”

அவன் முறைத்தான். அவளும் முறைத்தாள். பிறகு இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

அடைமழை. விளையாட்டரங்கத்தின் வெளியே மூடிக் கிடந்த டிக்கெட் கவுன்ட்டர். அதன் கூரை ஒரு முழம் நீளம்தான். அதற்கடியில் இரண்டு பேர் நிற்க வேண்டுமானால் தோள் உரசாமல் முடியாது... அவன் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். ஆனால் எதையோ சட்டைக்குள் வைத்து இறுக்கி அணைத்திருந்தான்.

“பூனைக்குட்டியா?” என்றாள்.

“ஸ்பைக்ஸ். ஓடறதுக்கு ஆணி வெச்ச ஷூ.”

“ஆளு ஊறிப்போய் நிக்கறீங்க. செருப்புக்கு மட்டும் இவ்ளோ உபசாரமா?”

“செருப்பா!” அவன் நெஞ்சில் கை வைத்தான். “நான் காய்ஞ்சுடுவேங்க. இது காயாது. நானூறு மீட்டர் ஓடறவன் நான். கூட்டாளிங்க ‘நெட்டை’ன்னு கூப்பிடுவாங்க. ஒரே சுத்து. நாப்பத்தஞ்சு செகண்டுல முடிஞ்சுடும்.”

“அவ்ளோதான் வேலையா? மிச்ச நேரமெல்லாம் என்ன பண்ணுவீங்க?”

“அந்த நாப்பத்தஞ்சு செகண்டை நினைச்சுப் பயந்துட்டு இருப்பேன்.”

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சொன்ன விதத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று இளகிப் போயிற்று.

அவளிடம் எதற்காக இதையெல்லாம் சொல்கிறோம் என்று அவனுக்கே புரியவில்லை. அந்தக் கண்கள்தான் காரணம். அகலமான கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. முப்பத்தொரு வயதாகிறது என்றான். இரண்டு தடவை நாலாவதாக வந்து, தொடர் ஓட்டத்துக்கு மாற்று ஆளாகப் போய், வெளிநாட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்ததைச் சொன்னான். இன்று இறுதிப் போட்டி. நாற்பத்தைந்துக்குள் ஓடினால் உலகப் போட்டி. ஓடாவிட்டால் இதோடு முடிந்தது.

“அக்கா வீட்டு மாடியிலதான் இருக்கேன். ‘ஓடி முடிச்சுட்டு வாடா, அப்புறம் உனக்குப் பொண்ணு பார்க்கலாம்’னு பத்து வருஷமாச் சொல்லிட்டு இருக்கா. எங்க ஓடி முடிக்கிறது!”

“இன்னிக்கு எந்த லேன்?”

“ரெண்டு. உள் லேன். நெட்டையனுக்கு அது பெரிய தண்டனைங்க. வளைவுல இடது கால் கோட்டுப் பக்கம் இழுக்கும். நேத்து அரையிறுதியில ஒரு தடவை கோட்டை மிதிச்சுட்டேன். ஒரு தடவைக்கு மன்னிப்பு உண்டு. இன்னிக்கும் மிதிச்சா... எத்தனைல ஓடியிருந்தாலும் ஆள் அவுட்.”

அவள் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டாள். பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி டீச்சர் அவள். மழைக்கோட்டுக்குள் நடுவர் உடுப்புதான் போட்டிருந்தாள். கைப்பையில் ஒரு மஞ்சள் கொடி இருந்தது. சொல்லியிருக்கலாம்... ஆனால் நடுவர் என்று தெரிந்தால் அவன் பேச்சை நிறுத்திவிடுவானே! இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டுமே என்றிருந்தது.

மழை தணிந்ததும் அவன் ஓடினான். பத்தடி போய்த் திரும்பி, “வேடிக்கை பார்க்கத்தானே வந்தீங்க? கைதட்டுங்க!” என்று கத்தினான்.

கைதட்ட அவளுக்கு உரிமை இல்லை. இரண்டாவது வளைவில், தடத்தை ஒட்டிப் போட்ட நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னார்கள். முதல் நான்கு லேன்கள் அவள் பொறுப்பு. யார் காலாவது உள்பக்கக் கோட்டில் பட்டால் கொடியைத் தூக்க வேண்டும். தலைமை நடுவரிடம் போய், என்னை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். என்ன காரணம் சொல்வது? ‘கால் மணி நேரம் ஒருத்தரோட பேசினேன் சார், மனசு சரியில்ல’ என்றா? வெட்கமாக இருந்தது. காலை மட்டும் பார்த்தால் போயிற்று, முகத்தைப் பார்க்கவே கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

துப்பாக்கி வெடித்தது.

ஓட்டக்காரர்கள் வளைவுக்குள் வந்தபோது அவள் குனிந்து கோட்டை மட்டுமே பார்த்தாள். ஈரத்தில் பளபளத்த வெள்ளைக் கோடு. வெள்ளை ஸ்பைக்ஸ். தண்ணீர் தெறித்தது... பட்டதா? பட்டது போலத்தான் இருந்தது. பத்து வருடப் பழக்கத்தில் கை தானாக உயர்ந்தது. உயர்ந்த பிறகுதான் எந்த லேன் என்று அவளுக்கு உறைத்தது.

அரங்கம் அதிர்ந்தது. பலகையில் 44.93. அவன் முழங்காலில் விழுந்து தரையை முத்தமிட்டான். மூன்று நிமிடம் அவன் உலகத்திலேயே பாக்கியசாலியாக இருந்தான். பிறகு பலகையில் நேரம் அழிந்து, அவன் பெயர் எல்லோருக்கும் கீழே போயிற்று. அதற்குப் பக்கத்தில், தகுதி நீக்கம்.

அவனுடைய கோச் மேல்முறையீடு செய்தார். வளைவுக் கேமராவில் கண்ணாடி முழுக்க மழைத்துளிகள். ஒன்றும் தெரியவில்லை. இருந்த ஒரே சாட்சியைக் கூப்பிட்டார்கள். அவள் அறைக்குள் நுழைந்தபோது, ஈர உடுப்போடு மூலையில் உட்கார்ந்திருந்த அவன் நிமிர்ந்தான். அவளை அடையாளம் கண்டுகொண்டான். அந்த முகம் போன போக்கை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த மூவரில் ஒருவர் கேட்டார். “ரெண்டாவது லேன் வீரரோட இடது கால் கோட்டுல பட்டுதா? உறுதியாப் பார்த்தீங்களா?”

உறுதியா? அவளுக்கு அங்கேயே சந்தேகம் வந்தது. தெறித்த தண்ணீரா, காலா? ஆனால் சந்தேகப்படுவது யார்... கண்ணா, மனசா? இவன் ஜெயிக்க வேண்டும் என்று காலையிலிருந்து தவிக்கிற இந்த மனசுதானே இப்போது இல்லை இல்லை என்கிறது? தன் மனசையே அவள் நம்பவில்லை.

“உறுதி,” என்றாள்.

வெளியே வரும்போது அவன் அவளைக் கடந்து போனான். “வேடிக்கை பார்க்க வந்தவங்கன்னு நினைச்சேன்,” என்று மட்டும் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மூன்று வாரம் போயிற்று. பத்திரிகையில் ‘கண் கெட்ட நடுவர்’ என்று தலைப்பு வந்தது. பள்ளியில் கரும்பலகை முழுக்க யாரோ ஒரு பெரிய மூக்குக்கண்ணாடி வரைந்து வைத்திருந்தார்கள். அவன் அக்கா வீட்டு மாடியில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு அக்கா அழுதுகொண்டே இறங்கிப் போவாள்.

அவனுக்குத் தெரியும், கோட்டை மிதிக்கவில்லை. ஈரத்தில் கோட்டுப் பெயின்ட் வழுக்கும். தடத்து ரப்பர் வழுக்காது. ஒவ்வொரு அடியும் ரப்பரைக் கவ்விப் பிடித்தது இன்னும் பாதத்தில் இருந்தது. 44.93 அவனுடையது. யார் அழித்தாலும் அவனுடையது. உலகத்தில் அவனுக்கென்று மிஞ்சியிருந்த சொத்து அது ஒன்றுதான்.

அன்று கோச் ஒரு தாளோடு வந்தார். “டேய், கடைசி வழி ஒண்ணு இருக்கு. அந்தம்மா ‘நான் பார்த்தது உறுதியில்லை’ன்னு எழுதிக் குடுத்தா மறுபடி விசாரிக்கறோம்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு மத்தியானம் அணிப் பட்டியல் மூடிடும். கால்ல விழுவியோ, கத்துவியோ... கையெழுத்தோட வா.”

போனான். மூன்றாவது மாடி. அழைப்பு மணி அடித்ததும் அவளுடைய அப்பாதான் கதவைத் திறந்தார். கையில் ரிமோட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

“அடடே... நெட்டை! உள்ள வாங்க தம்பி, தலை பத்திரம்...”

சொல்லி முடிப்பதற்குள் நிலையில் இடித்துக்கொண்டான். அவர் பதறிப்போய்த் துண்டை எடுத்துக் கொடுத்தார். ஈரத்துணிகள் கொடி கட்டித் தொங்கிய சின்ன அறை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே ஜன்னல் பக்கம் நின்றான்.

“இப்ப வந்துடுவா. அதோ... கீழ வந்துட்டா பாருங்க.”

தூறலில் தெருவின் எதிர்ப்பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். தெரு காலியாக இருந்தது. அவள் இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். மறுபடி இடது பக்கம். ஒரு கால் எடுத்து வைத்தவள் சட்டென்று பின்வாங்கினாள். ஒரு வண்டியும் வரவில்லை. கடைசியில் காய்கறிப் பையோடு யாரோ ஒரு அம்மா கடக்க வந்ததும், அந்த அம்மாவை ஒட்டிக்கொண்டே இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள்.

“மூணு வாரமா இப்படித்தான் தம்பி,” என்றார் அப்பா. “என்கூட வந்தா, ‘அப்பா, வண்டி வருதா?’ன்னு கேட்கறா. கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கண்ணுல ஒண்ணும் இல்லேங்கறார்.”

அவள் உள்ளே வந்தாள். அவனைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமலே நின்றாள். அப்பா டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

எத்தனை இளைத்துவிட்டாள்! திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தவன், தாளை மட்டும் நீட்டினான். அவள் படித்தாள். உடனே கைப்பையில் பேனாவைத் தேட ஆரம்பித்தாள்.

“யோசிக்க வேண்டாமா?” என்றான். “பொய் சாட்சி சொன்னதா ஆயிடும். வேலையே போனாலும் போகும்.”

“போகட்டும். நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? வேற யாரா இருந்தாலும் அந்த ரூம்ல ‘சரியாத் தெரியல சார்’னு சொல்லியிருப்பேன். சந்தேகம்னா வீரருக்குத்தான் சாதகம், அதுதானே முறை? உங்களுக்கு மட்டும் அதைக் குடுக்கல. ஏன்னா... நீங்க ஜெயிக்கணும்னு அவ்ளோ ஆசையா இருந்துச்சு. அந்த ஆசைக்குப் பயந்து உங்க வாழ்க்கையையே முடிச்சுட்டேன்.”

மூன்று வாரமாக அவன் வெறுத்த ஒரு பெண் அங்கே இல்லவே இல்லை. மழையில் பார்த்த அதே பெண்தான் இருந்தாள்.

அவள் தாளை மேசையில் வைத்துக் குனிந்தாள். பேனா முனை தாளைத் தொடும் முன் நின்றது. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“கையெழுத்து இந்த இடத்துலதானே? எனக்குச் சரியாத்தான் தெரியுதா?”

பெரிய எழுத்தில் ‘கையொப்பம்’ என்று அச்சடித்திருந்தது. அதன் மேலேயே அவள் விரல் இருந்தது.

இதில் கையெழுத்துப் போட்டால் அவன் ஓடுவான். இவள் வாழ்நாள் முழுக்க வண்டி வருதா, வண்டி வருதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

“மிதிச்சேன்,” என்றான்.

“என்ன?”

“கோட்டை மிதிச்சேன். கால்ல தெரிஞ்சுது டீச்சர். பெயின்ட் வழுக்குச்சு. நீங்க சரியாத்தான் பார்த்தீங்க.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “என்னைச் சமாதானப்படுத்தறதுக்காக...”

“நான் எதுக்குங்க சொல்லணும்? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு வழி இருக்கு. அதை விட்டுட்டு யாராவது சும்மா சொல்லுவாங்களா?” அவன் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தான். இன்னும் இரண்டாகக் கிழித்தான். “அன்னிக்கு ரூம்ல மிதிச்சது தெரிஞ்சும் வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தேன். பத்திரிகையில உங்களைக் கண் கெட்டவங்கன்னு எழுதினப்பவும் பேசல. நாளைக்கு நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“அப்போ... என் கண்ணு... சரியாத்தான்...”

“சரியாத்தான் பார்த்துச்சு.”

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. மூன்று வாரத்துப் பாரம் கரைந்து போவதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். 44.93... இனி அதைத் தன்னுடையது என்று தனிமையில்கூடச் சொல்லிக்கொள்ள முடியாது. நாளை அக்கா கேட்பாள், கோச் கேட்பார், எல்லோரிடமும் இதையே சொல்ல வேண்டும். பதினான்கு வருட ஓட்டம் கோடு மிதித்தவன் என்ற பெயரோடு முடியும்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். “சிவப்பு பஸ் ஒண்ணு வருது,” என்றாள், யாரும் கேட்காமலே. பிறகு அவன் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். பழைய டீச்சர் குரல் திரும்பியிருந்தது.

“மூணு வாரமா மறைச்சு என்னைச் சாகடிச்சீங்களே! இனிமே என்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. சரியா?”

“சரி.”

“வேற ஏதாவது மறைச்சு வெச்சிருக்கீங்களா? இப்பவே சொல்லிடுங்க.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அவன் அந்தக் கண்களையே பார்த்தான்.

“ஒண்ணு இருக்கு,” என்றான். “அன்னிக்கு அந்தக் கூரைக்குக் கீழ... உங்களைப் பார்த்த நிமிஷமே... பிடிச்சுப் போச்சு. ரொம்பப் பிடிச்சுப் போச்சு.”

அவள் முகம் சிவந்தது. “எனக்கும்தான்... அதனாலதானே இவ்ளோ வம்பும்!” என்று சொல்லிவிட்டு, மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தாள்.

அவன் அழுதுவிட்டான். நெடுநெடுவென்று வளர்ந்த உருவம் குழந்தை மாதிரி தேம்பியது. சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்து, அவள் அருகில் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.