ஆறாவது கம்பம்

ஏரிக்குள் கம்பங்கள் ஐந்துதான். திங்கட்கிழமை காலை கம்பக்காரர் ஜன்னல் வழியாக எண்ணியபோது ஆறு இருந்தன.

கம்பக்காரர் என்ற பெயரே அவருக்குப் பிடிக்காது. பௌதிகத்தில் பட்டம் வாங்கியவரைக் கரையோரத்து மாடியறையில் உட்காரவைத்து, கரையிலிருந்து நூறு மீட்டருக்கு ஒன்றாகத் தண்ணீரில் நட்ட சிவப்பு வெள்ளைக் கம்பங்களில் மூடுபனிக்குள் எத்தனை தெரிகின்றன என்று தினமும் காலை ஆறரைக்கு அக்கரைக்குச் சொல்லச் சொன்னால், ஊர் வேறெப்படிக் கூப்பிடும்? மூன்று தெரிந்தால் படகு கிளம்பும். இரண்டென்றால் கிளம்பாது. இதற்கொரு உத்தியோகம். படித்துறைக்கு இறங்கிப்போய்த்தான் எண்ண வேண்டும் என்பது விதி. வேலை வெட்டி இல்லாதவன் எழுதிய விதி என்று சொல்லி, வந்த மறுநாளே நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்ட ஆள் அவர்.

அக்கரையில் போனை எடுப்பவர் படகோட்டி, கம்பக்காரரின் மனைவிக்கு அண்ணன். ஒரு வாரம் அம்மா வீட்டில் இருக்கப் போயிருந்தாள் மனைவி. "நீ போயிட்டு வா, நான் கொஞ்சம் நிம்மதியா இருக்கேன்" என்று வழியனுப்பியிருந்தார். மஞ்சள் குடையை ஆட்டிவிட்டுப் படகேறியவள், சனிக்கிழமையின் முதல் படகில் திரும்புவதாகப் பேச்சு.

"அஞ்சும் தெரியுது மச்சான்" என்றார் கம்பக்காரர். ஐந்தாவதுக்கு அப்பால் நிற்பது எவனோ மீன்காரன் நட்ட கழி. அதைப் போய்ச் சொல்வானேன். அங்கே ஆழம் முப்பது அடி என்பது போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் வெயில் திடீரென்று ஏறியது. தண்ணீர் மட்டும் குளிர்காலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. காற்று செத்துப்போய், அழுகிய பாசியின் நாற்றம் தலையணை உறை வரைக்கும் வந்து, கண்ணாடியெல்லாம் பொடிப்பூச்சி அப்பி, மதியமானால் இடி மட்டும் உருண்டு மழை வராமல் ஏமாற்றியது. ஏரியாம் ஏரி. பெரிய சாக்கடை என்று அவர் திட்டிக்கொண்டார். செவ்வாயன்று அந்தக் கழி நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நின்றது. புதனன்று மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில். மீன்காரனுக்கு வேறு பிழைப்பில்லை போலிருக்கிறது என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

வியாழனன்று அது இன்னும் ஒரு கம்பம் தாண்டி வந்திருந்தது. பைனாகுலரை எடுத்தார். ஐந்து கம்பங்களின் தலையிலும் நீர்க்காகங்கள் இறக்கை காயவைத்துக்கொண்டிருந்தன. அதன்மேல் மட்டும் ஒன்றுமில்லை. அதை நோக்கிப் பறந்த ஒரு நீர்க்காகம் பாதியில் விலகிப் போனது. அந்தக் கழிக்குச் சிவப்பு வெள்ளைப் பூச்சு கிடையாது. மேலே ஒடுங்கி, கீழே அகன்றிருந்தது. தோள் மாதிரி என்று நினைக்கப் போய், பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டார்.

வெள்ளியன்று அது முதல் கம்பத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நின்றது.

"உங்க ஏரியில கம்பமெல்லாம் நடந்து வருது மச்சான்" என்றார் நக்கலாக.

படகோட்டி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அது மேல பறவை உக்காருதா?"

"இல்ல."

"அப்ப அத எண்ணாதீங்க மாப்பிள்ளை. நாளைக்குக் கீழ இறங்கிப் போய், பறவை உக்காந்திருக்கிறத மட்டும் எண்ணிச் சொல்லுங்க. ரெண்டுன்னா நாங்க இங்கயே இருந்துக்கிறோம். அவசரமில்ல."

படிக்காத ஜென்மங்கள் என்று போனை வைத்தார். ஆனாலும் அன்றைக்கு மாடிப்படி விளக்கை அணைக்காமல்தான் படுத்தார்.

சனிக்கிழமை விடிந்தபோது ஏரியே இல்லை. வெள்ளை மட்டும். அதற்குள் மூன்று நிழல்கள். முதலாவதை ஒட்டினாற்போல இரண்டாவது. தள்ளி மூன்றாவது. இடைவெளி சரியில்லை. அவருக்கே தெரிந்தது. பறவை இருக்கிறதா என்று ஜன்னலிலிருந்து தெரியவில்லை. கீழே இருபத்திரண்டு படி. படியிலிருந்து பாசி நாற்றம் வந்தது. இறங்க மாட்டார். இரண்டு என்று சொன்னால் அவள் வர மாட்டாள். இன்னொரு ராத்திரி. தனியாக.

போன் அடித்தது. மனைவி.

"அண்ணன் இன்ஜின் பக்கம் இருக்காரு. எத்தனைங்க?"

"மூணு."

"கீழ போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பறவை?"

"மூணுலயும் இருக்கு. கிளம்பி வா."

வைத்துவிட்டு நிமிர்ந்தார். இரண்டுதான் தெரிந்தது.

திரும்பப் போன் போட்டார். அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அதற்குள் பனிக்குள்ளிருந்து இன்ஜின் சத்தம். பைனாகுலரும் கையுமாக, வாழ்நாளில் முதல் தடவையாகப் படித்துறைக்கு ஓடினார். கத்தினார். "திரும்பிப் போங்க மச்சான்." சத்தம் நெருங்கியது. நின்றது. தேயவில்லை. நின்றது. அலறல் இல்லை. தண்ணீர் தளும்பும் ஓசைகூட இல்லை.

அந்த வாரத்தின் முதல் காற்று அப்போதுதான் அடித்தது. பனி விலகியது. ஐந்து கம்பங்கள், ஐந்து நீர்க்காகங்கள். படகு எங்குமில்லை. ஐந்தாவதுக்கு அப்பால், முப்பதடி ஆழமுள்ள இடத்தில், மார்பளவுத் தண்ணீரில் நிற்கிற மாதிரி, வரிசையாக உருவங்கள்.

பைனாகுலரை எடுத்தார். எண்ணினார். அதுதானே அவர் உத்தியோகம். படகில் ஏறக்கூடியவர்கள் ஓட்டுபவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர்தான். வரிசையில் பதின்மூன்று. எல்லாம் கரையைப் பார்த்து. நடுவில் ஒன்று மடக்கிய மஞ்சள் குடையை நெஞ்சோடு அணைத்திருந்தது. அதன் தலைக்கு மேலே ஒரு நீர்க்காகம் தாழ்ந்து வந்தது. உட்காராமல் விலகிப் போனது.