பக்கத்தில் இருந்த குரல்

அன்று காலை மூத்தவள் சமையலறைக்குள் போனபோது அடுப்புக்கு முன்னால் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். பால் பாத்திரத்தை எடுக்கப் போன மாமியாரின் கையை மெல்லப் பிடித்து விலக்கினாள்.

"இனிமே அடுப்புப் பக்கம் நீங்க வர வேண்டாம் அத்தை. நான் பாத்துக்கறேன்."

சிடுசிடுப்பாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். மருமகளோ குழந்தையிடம் பேசுவதுபோலப் பரிவாகச் சொன்னாள். கூடத்தில் மகன் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் எட்டிப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எல்லாம் அவள் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தால் வந்தது. மகன் ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் வேலை பார்த்தான். ஊழியர்களின் பெற்றோருக்கென்று அங்கே கொடுத்த கடிகாரம் அது. நாடியைப் பார்க்கும், தூக்கத்தைப் பார்க்கும், நடையையும் பேச்சையும் கூடக் கவனிக்கும். அது சேர்த்ததையெல்லாம் மருத்துவமனையில் இருந்த செயற்கை நுண்ணறிவு படித்து மகனின் போனுக்குச் சேதி அனுப்பும். ஆரம்பத்தில் வீடே அதைக் கொண்டாடியது. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதைவிட இது இவ பேச்சை அதிகமாக் கேக்குது என்று புருஷன்கூடச் சிரித்தார்.

பிறகு ஒருநாள் போனில் சிவப்பு எரிந்தது. சொன்ன சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். தினமும் வீட்டைவிட்டுப் போய் ஒரே இடத்தில் வெகுநேரம் இருக்கிறார். மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம், தனியே விடவேண்டாம் என்றது சேதி. எங்கே போறீங்க என்று மருமகள் ஒருமுறை பேச்சுவாக்கில் கேட்டபோது, சும்மா நடந்துட்டு வரேன் என்று மூத்தவள் மழுப்பியிருந்தாள். அதுவும் இப்போது கணக்கில் சேர்ந்துகொண்டது.

அவள் போனது இளையவளைப் பார்க்க. புருஷனின் தம்பி மனைவி. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இன்னொரு ஆபரேஷன் வேண்டாம், வலியில்லாமல் போகட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். தம்பி இறந்த அன்று, என் தம்பியைக் கொன்னவ நீ என்று அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றே அவள் வெளியேறினாள். அவள் பேச்சையே அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று ஆயிற்று.

அதே ஊரில் அடுக்குமாடி ஒன்றில் இளையவள் தனியாக இருந்தாள். போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கை போயிற்று, வாயும் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரி ஊரைவிட்டுப் போகுமுன் சொல்லித்தான் மூத்தவளுக்குத் தெரிந்தது. ஓடிப்போய் நின்றவளைப் பார்த்து இளையவள் அழவில்லை. இடது கையால் கோணல்மாணலாக ஒரு வரி எழுதிக் காட்டினாள். அவருக்குத் தெரியக் கூடாது. மூத்தவள் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

அன்றிலிருந்து தினமும் போனாள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், பேச்சுப் பயிற்சி கொடுத்தாள். "அக்கா... சொல்லு, அக்கா..." ஒரே சொல்லை, வாய் வறளும்வரை. கடிகாரம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

சிவப்பு எரிந்த பிறகு வீட்டில் கத்திகள் மேல்தட்டுக்குப் போயின. பேத்தியை அவளுடன் தனியே விடுவது நின்றது. புருஷன் அவளிடம் நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் பேச ஆரம்பித்தார். உப்பு குறைந்தால் முன்பெல்லாம் முகம் சுளிப்பவர்கள் இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் வாசல் கதவு பூட்டியிருந்தது.

சாவி கேட்டாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே போகவேண்டும் என்று அடம்பிடிப்பதும் ஓர் அறிகுறி என்று போன் ஏற்கெனவே சொல்லியிருந்தது. கோபப்பட்டாள், அதுவும் அறிகுறி. இதைக் கழற்றுங்கள் என்று மணிக்கட்டை நீட்டி அழுதாள்; அதையும் எதிர்பார்க்கச் சொல்லியிருந்தது. இனி எந்தக் கதவின் வழியாக வெளியே வருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. புருஷனின் முகத்தைப் பார்த்தாள். சத்தியம் நினைவுக்கு வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் மாத்திரை வந்தது. நுண்ணறிவு சொன்ன மருந்துக்கு மருத்துவமனையில் யாரோ ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். மகனே தண்ணீரோடு கொண்டுவந்து விழுங்கவைத்தான். அதன்பின் அவள் நாக்கு தடித்தது, கால் இழுத்தது. சிவப்பு இன்னும் சிவப்பானது. பார்த்தீங்களா, மிஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு என்று புருஷன் உடைந்துபோய் உட்கார்ந்தார். அரைத்தூக்கத்தில் அவளுக்கு ஒரே நினைப்பு. அங்கே யார் கதவைத் திறப்பார்கள்... யார் தண்ணீர் கொடுப்பார்கள்...

நோய் முற்றுகிறது, நேரில் அழைத்து வாருங்கள் என்று சேதி வரவும், எல்லோரும் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. குடும்பத்துக்குப் புரியவேண்டும் என்று கணினியில் அவள் பேச்சை ஓடவிட்டார். அக்கா... அக்கா... அக்கா... மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நடு நடுவுல ஏன் டாக்டர் இவ்வளவு இடைவெளி?" என்றார் புருஷன்.

சுற்றுச் சத்தத்தை நீக்கிவிட்டுத்தான் நுண்ணறிவு கேட்கும் என்றார் மருத்துவர். சத்தம் நீக்காத பதிவை அவரும் அதுவரை கேட்டதில்லை. இப்போது அதை ஓடவிட்டார்.

அக்கா என்றது மூத்தவளின் குரல். பிறகு, தரையில் எதையோ இழுப்பதுபோல் இன்னொரு குரல். "அ... க்... கா..."

புருஷன் எழுந்து நின்றார். எத்தனை வருஷமானாலும் அந்தக் குரலை அவரால் மறக்க முடியாது. தம்பியின் படுக்கையருகே நின்று, போதும் விட்டுடுங்க என்று கெஞ்சிய குரல்.

"அவளா?" என்று மனைவியிடம் கேட்டார்.

மூத்தவளின் கண்கள் வழிந்தன. "கதவு பூட்டி மூணு நாளாச்சுங்க... அவளுக்கு வேற யாரும் இல்ல."

நடக்க முடியாத மூத்தவளை மருமகளோடு மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு ஓடினார்கள். சாவி வீட்டில் இருந்ததால் இளையவளின் வீட்டுக் கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாயருகே ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. மூச்சு இருந்தது. புருஷன் தரையில் மண்டியிட்டு அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். அவள் அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

"அக்கா... வரல," என்றாள்.

மாதக்கணக்கில் பாடுபட்டும் வராத இரண்டாவது சொல் அப்போது வந்தது. பெரியவர் குழந்தைபோல விம்மி அழுதார். மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடும்மா என்றார். அவள் நல்ல கையைத் தூக்கி அவர் கன்னத்தில் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

மருத்துவமனைக்குத் திரும்பி வந்த மகன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து முகத்தைப் புதைத்துக்கொண்டான். மிஷின் தப்பாச் சொல்லிடுச்சும்மா என்றான். மூத்தவள் அவன் தலையைக் கோதினாள். ஆனால் குரல் இளகவில்லை.

"அதுக்கு என்னைத் தெரியாதுப்பா. கேட்டதைச் சொல்லிச்சு. நீ என் வயித்துல பொறந்தவன். எங்கம்மா போறே, ஏம்மா இப்படி இருக்கேன்னு என் பக்கத்துல உக்காந்து ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல?"

மாத்திரை நின்றது, கடிகாரமும் கழன்றது. மருத்துவர் வருத்தம் தெரிவித்தார். ஆனால் அந்தச் சிவப்பு வேறு ஆஸ்பத்திரிகளுக்கும் ஏற்கெனவே போய்விட்டது, அதை அழிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். இனி தலைவலி என்று எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் அது போய் உட்கார்ந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இளையவளை வீட்டுக்கே அழைத்துக்கொள்ளலாம் என்றார் புருஷன். மூத்தவள் தன் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ அங்கதான் இருப்பா. நானும் அவகூட இருக்கப்போறேன். நீங்க தினமும் வாங்க, சந்தோஷம். நேத்து சாவின்னு சொல்ல வந்து, வார்த்தை வராம ஒரு நிமிஷம் நின்னேன். நீங்க எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தீங்க. அந்தப் பார்வைக்கு நடுவுல என்னால இருக்க முடியாதுங்க."

யாரும் தடுக்கவில்லை. மருமகள் மட்டும் தெருமுனைவரை அழுதுகொண்டே பையைத் தூக்கி வந்தாள்.

சில வாரம் கழித்து ஒரு பிற்பகல். இளையவளின் போர்வையை மடித்தபடி எதையோ சொல்ல வந்த மூத்தவளுக்குப் பாதியில் சொல் நின்றுபோனது. ஜன்னலில் தொங்குவது... துணி... அதன் பெயர். தினமும் சொல்வதுதான். தேடினாள். இல்லை. மாத்திரையின் மிச்சமா? வயதா? இல்லை, அந்தச் சிவப்புச் சேதி உண்மையிலேயே...

இளையவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை, பயப்படவுமில்லை. நல்ல கையால் மூத்தவளின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சொல் வரும்வரை காத்திருந்தாள்.