தக்ஷினி படிக்காத இரண்டு வரிகள்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இன்னும் நாற்பத்தொன்பது மணி நேரம் இருந்தது. அதற்குள் சொன்னால் வேறு வீடு எடுக்கலாம். அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

தக்ஷினி 49 என்று உள்ளங்கையில் எழுதினாள். பிறகு எச்சில் தொட்டு அழித்தாள்.

வீடு பிரான்சில் ஒரு கிராமத்தில் இருந்தது. ஆற்றங்கரையில் ஒரு பழைய மாவு ஆலை. முந்நூறு வருடக் கல் கட்டடம். இப்போது அதை விடுமுறை வீடாக மாற்றி, வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள்.

ஜூலையில் அவர்கள் அங்கே ஒரு வாரம் தங்கப் போகிறார்கள். பாரிஸிலிருந்து சிவமலர் பெரியம்மாவும் வருவார். அம்மாவும் பெரியம்மாவும் நேரில் பார்த்துப் பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. பெரியம்மாவின் வீட்டில் ஒரே ஓர் அறைதான். அதனால்தான் இந்த ஏற்பாடு.

தக்ஷினிக்குப் பத்து வயது. கடலுக்கு இந்தப் பக்கம், பிரெஞ்சு பேசும் லாசாலில் உள்ள அவர்கள் வீட்டில் பிரெஞ்சு வேலை எல்லாம் அவளுடையது. பள்ளிக் கடிதம், பல் வைத்தியரின் படிவம், கட்டட நிர்வாகி கதவில் ஒட்டும் தாள் எல்லாவற்றையும் அவள்தான் படித்துச் சொல்வாள். போனும் மொழிபெயர்க்கும். ஆனால் அம்மாவுக்கு அது பிடிக்காது.

"அது கதைக்கிற தமிழுக்கு இன்னொரு மொழிபெயர்ப்பு வேணும்" என்பார்.

அந்த வீட்டைப் பற்றிய பிரெஞ்சு விவரத்தையும் தக்ஷினிதான் படித்துச் சொன்னாள். நான்கு அறைகள். பெரிய அடுப்பு. ஆற்றைப் பார்த்த சன்னல்கள்.

கடைசியில் இரண்டு வரிகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்கள் ஊரில் பதினொரு பேரைப் பிடித்து இந்த ஆலையின் கீழறையில் அடைத்து வைத்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை, அவர்களின் பெயர்கள் வாசல் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன.

அந்த இரண்டையும் அவள் அம்மாவுக்குப் படித்துச் சொல்லவில்லை. "அவ்வளவுதான் அம்மா" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் ஒரு விதி இருந்தது. அம்மாவுக்கு முன்னால் சண்டைக் கதை பேசக் கூடாது. மட்டக்களப்பில் அம்மா சிறுமியாக இருந்தபோது ஏதோ நடந்திருக்கிறது. என்னவென்று அப்பா சொல்ல மாட்டார். தொலைக்காட்சியில் படைவீரர்கள் வந்தால் அம்மா எழுந்துபோய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவுவார். பிறகு இரண்டு நாட்கள் யாரோடும் பேச மாட்டார்.

சொன்னால் அம்மா பயணமே வேண்டாம் என்பார். சொல்லாவிட்டால் அந்த வாசலில் நின்று பெயர்களைப் பார்ப்பார். பெயர்களைப் பார்க்கப் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை.

சமையலறையில் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"கருவாடு கொண்டு வரட்டா அக்கா? மணக்கும் எண்டு அந்த வீட்டுக்கார மனிசி ஏசுவாவோ தெரியா."

"முந்நூறு வருசமா நிக்கிற கட்டிடம்" என்றது பெரியம்மாவின் குரல். "உன்ட கருவாட்டைத் தாங்காதா?"

அம்மா சிரித்தார்.

அன்று மாலையே தக்ஷினி ஆலையின் சொந்தக்காரிக்கு எழுதினாள். அம்மாவுக்குச் சண்டைக் கதை தாங்காது, பெயர்களைத் துணி போட்டு மறைக்க முடியுமா என்று கேட்டாள்.

மறுநாள் பதில் வந்தது.

"மறைக்க மாட்டேன். அவர்களில் ஒருவர் என் தாத்தாவின் தம்பி. ஆனால் அதே ஊரில் என் அக்காவுக்கு ஒரு வீடு உண்டு. முன்பு அங்கே ரொட்டி சுடுவார்கள். அந்த வாரம் அது காலி. மாற்றிக்கொள்ளலாம். உன் அம்மாவோ அப்பாவோ எழுதட்டும். சிறுமி எழுதினால் போதாது."

அப்பாவுக்கு மாலை நேர வேலை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தபோது வீட்டில் அம்மாவும் தம்பி நவநீத்தும்தான் இருந்தார்கள். மணி நாலரை.

"அம்மா, வேற வீடு ஒண்டு இருக்கு."

"இந்த வீட்டுக்கு என்ன குறை?"

"ஆத்துக்குள்ள தம்பி விழுந்திருவான்."

"நான் விழமாட்டன்" என்றான் நவநீத். "எனக்கு நீந்தத் தெரியும்."

"குளிக்கிற தொட்டிக்குள்ள" என்றாள் தக்ஷினி.

அம்மா சிரிக்கவில்லை. தக்ஷினியின் முகவாயைப் பிடித்து முகத்தைத் தூக்கினார்.

"மனே, என்ட பிள்ளே, என்னத்த ஒளிக்கிறாய்?"

வேறு பொய் ஒன்றும் அவளிடம் இல்லை. டேப்லெட்டை எடுத்தாள். இரண்டு வரிகளையும் முதலில் பிரெஞ்சில் படித்தாள். பிறகு தமிழில், ஒரு சொல்லையும் விடாமல் சொன்னாள்.

அம்மா எழுந்து பாத்திரம் கழுவும் தொட்டியருகே போனார். குழாயைத் திறக்கவில்லை. அப்படியே நின்றார். நவநீத்கூட ஆடாமல் இருந்தான்.

"பேர் எல்லாம் எழுதிக் கிடக்கா?"

"ஓம் அம்மா. பதினொரு பேரும்."

"யார் எழுதி வச்சது?"

"அந்த ஊர் ஆக்கள்தான்."

தக்ஷினி சொந்தக்காரியின் பதிலையும் படித்துக் காட்டினாள்.

"அந்த மற்ற வீட்டுக்கு நீங்க ஒரு வரி எழுதினாப் போதும்" என்றாள் தக்ஷினி. "நான் சொல்லித் தாறன். பெரியம்மாவைப் பாக்கலாம். ஆலைக்குள்ள படுக்கத் தேவையில்ல."

"அதையே எடுப்பம். ஆலைக்குள்ள என்னால நித்திரை கொள்ள ஏலாது. அக்காவாலயும் ஏலாது."

தக்ஷினி எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மா ஒரு விரலால் தட்டி அனுப்பினார். மணி ஐந்து இருபது.

"ஒரு நாளைக்கு அந்த வாசலுக்குப் போவம்" என்றார் அம்மா. "நீ எனக்கு அந்தப் பேர்களைப் படிச்சுக் காட்டு."

"உங்களுக்குச் சண்டைக் கதை கூடாதே அம்மா."

அம்மா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"எங்கட ஊரிலயும் ஒரு மில் இருந்தது. நெல்லுக் குத்துற மில். அதுக்குள்ளயும் ஆக்களப் பிடிச்சு வச்சிருந்தவங்க. அங்க சுவரில ஒரு பேரும் இல்ல."

அவர் இருவரின் கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தவர். உங்களுக்கு மாமா. இரவிச்சந்திரன் எண்டு பேர்."