இருபத்தேழாவது மணி

"பட்டாசு, தியானம் முடியிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. முடியுமாடி?" என்று அத்தை கேட்டார்.

"திறந்தா என் பேரையே மாத்திக்கிறேன் அத்தை!" என்றாள், ஓயாமல் வெடிப்பதால் அந்தச் செல்லப் பெயரை வாங்கிய அண்ணன் மகள்.

உண்மையில் அத்தைக்குத்தான் பதற்றம். தியானக் கூடத்தில் பித்தளைக் கிண்ணத்தைத் தட்டும் பொறுப்பு இன்றுதான் முதன்முதலாக அவருக்குக் கிடைத்திருந்தது. கையில் மரமணிச் சரம். மொத்தம் இருபத்தேழு மணிகள். ஒரு மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். நான்கு சுற்று முடிந்ததும் கிண்ணத்தைத் தட்டினால் எல்லோரும் கண் திறப்பார்கள்.

புத்தர் சிலைக்கு முன்னால் முப்பது பேர் கண்களை மூடினார்கள். ஒரு சுற்று முடிந்தது. இரண்டு. மூன்று.

படீர்!

சரம் அறுந்து மணிகள் தரையெங்கும் ஓடின. அத்தையின் முகம் வெளிறிப்போனது. மனதுக்குள் எண்ணலாம்தான். ஆனால் பதறிவிட்டால் அத்தைக்கு இரண்டுக்கு அப்புறம் ஐந்துதான் வரும்!

பட்டாசு "ஐயோ" என்று வாயைத் திறக்கப் போய், சட்டென்று பொத்திக்கொண்டாள். தவழ்ந்து போய் ஒரு மணியை எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள். அத்தை ஒரு மூச்சு விட்டார்.

அட, ஒரு மணிக்கு ஒரு மூச்சு, இது போதுமே!

பட்டாசு அடுத்த மணியை வைத்தாள். அத்தை அடுத்த மூச்சு விட்டார். தையல்காரரின் முழங்காலடியில் ஒன்று, பல் டாக்டரின் காலுறை மேல் ஒன்று என்று இருபத்தாறு மணிகள் வந்துவிட்டன.

கடைசி மணியை மட்டும் காணோம். யாரோ இருமினார்கள். யாருடைய வயிறோ கடமுடவென்றது.

பட்டாசு தரையை உற்றுப் பார்த்தாள். தரை எந்தப் பக்கம் சாய்வோ, அந்தப் பக்கம்தானே ஓடியிருக்கும்? அத்தை கையிலிருந்து ஒரு மணியை எடுத்து உருட்டிவிட்டாள். அது குடுகுடுவென்று ஓடி, ரொட்டிக்கடைக்காரரின் தொடையில் முட்டி நின்றது. உட்கார்ந்தபடியே அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அடியிலிருந்து பழுப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது!

உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினாள். தூக்கத்திலேயே அவர் நெளிந்து நகர்ந்தார். இரண்டு மணிகளும் கைக்கு வந்தன.

இருபத்தேழு! அத்தை நீளமாக ஒரு மூச்சு விட்டுக் கிண்ணத்தைத் தட்டினார்.

டிங்ங்ங்!

ரொட்டிக்கடைக்காரர் பூரித்துப்போய் ஓடிவந்தார். "என்ன ஒரு தியானம்மா! உள்ளங்காலே சிலிர்த்துப்போச்சு! இனிமே தினமும் நீங்கதான் தட்டணும்!"

அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டார். "இப்ப திறக்கலாம்டி, பட்டாசு."

பட்டாசு வாயைத் திறந்தாள். அவள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது.