வெளியே புடைத்த தகரம்

உலகத்தில் திறக்க முடியாத கதவு என்று ஒன்று கிடையாது. சரியான ஸ்பேனரைக் கையில் எடுக்காத மனிதர்கள்தான் உண்டு. இதை அவன் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தான். ஆபீஸில் கேட்டவர்களுக்குச் சொன்னான், கேட்காதவர்களுக்குக் கூடுதல் விளக்கத்தோடு சொன்னான். அங்கே அவனுக்கு ஸ்பேனர் என்றே பெயர். அது கிண்டல் என்பது அவனுக்குத் தெரியாது; பாராட்டு என்று நினைத்திருந்தான்.

கொள்கைக்கு அவன் காட்டும் உதாரணம் மனைவி. கல்யாணமான புதிதில் உறவினர் வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் சிக்கி உள்ளே மாட்டிக்கொண்டாள். கத்தவில்லை. யாரோ வந்து திறக்கும்வரை கதவை மெல்லத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "கீலைக் கழட்டணும்னு தோணல பாருங்க," என்று வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சிரிப்பான். "கத்த வெட்கமா இருந்துச்சு," என்பாள் அவள். முன்பெல்லாம் அவளும் சேர்ந்து சிரிப்பாள். இப்போது இல்லை.

வீட்டை ஒட்டிய ஷெட்டில் நின்றது அந்த ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் முழு இரும்புத் தடுப்பு. அதற்குப் பின்னே ஜன்னலே இல்லாத தகரக் கூடு, எதிரெதிராக இரண்டு பெஞ்சு, ஒற்றைப் பின்கதவு. விற்ற காயலான் கடைக்காரர் அந்தக் கதவைக் கயிற்றால் கட்டிப் பாதி திறந்தபடியே வைத்திருந்தார். அப்படியே இருக்கட்டும், சாத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு வெற்றிலை போடாமலே வாய் நிறைந்தவர்போல் வேறு பக்கம் பார்த்தார்.

பழைய வண்டியை வாங்கினால் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். டங் என்றால் தகரம், டொக் என்றால் பட்டி. இடது பக்கம் முழுக்க டொக். சுரண்டி எடுத்தான். பட்டி என்பது ஒடுக்கு விழுந்த பள்ளத்தை நிரப்புவதற்கு. இங்கே பள்ளமே இல்லை. தகரம் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது, முஷ்டி அளவுக்கு, ஒன்றல்ல, பெஞ்சு உயரத்தில் வரிசையாக. மேடு தெரியாமலிருக்கச் சுற்றிலும் பட்டியை அப்பி மட்டமாக்கியிருந்தார்கள்.

எவனோ வேலை தெரியாத டிங்கர் என்று சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் சுத்தியலால் உள்ளே தட்டிச் சமன் செய்து பிரைமர் அடித்தான், உட்பக்கத்துக்குப் பெயின்ட்டும் பூசினான். கயிற்றை அறுத்தான். பின்கதவுக்குப் புதுத் தாழ் பொருத்தினான். கதவை இழுத்துச் சாத்தினால் தானாக விழும், திருடன் கழற்ற முடியாதபடி போல்ட்டெல்லாம் வெளியே, தலை மழுக்கி. உட்பக்கக் கைப்பிடி இருந்த ஓட்டையை யாரோ தகடு வைத்து வெல்டிங் அடித்து மூடியிருந்தார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் மாலை புடைப்புகள் திரும்ப வந்திருந்தன. பிரைமரில் ஒரு கீறல்கூட இல்லை.

மறுபடி தட்டினான். மறுபடி வந்தன.

"நீங்க ஆபீஸ் போனப்புறமும் தட்டுதுங்க," என்றாள் மனைவி.

"வெயில்ல தகரம் விரியும். சயின்ஸ்."

"காலையில இருந்து மழை."

"மழையில சுருங்கும். அதுவும் சயின்ஸ்தான்."

அவள் உள்ளே போய்ப் பையில் துணி வைக்க ஆரம்பித்தாள். ஜீப்பை விற்றுவிட வேண்டும் என்றும், இல்லாவிட்டால் தான் அண்ணன் வீட்டுக்குப் போவதாகவும், போனால் வருவதற்கில்லை என்றும், மடிப்புக் கலையாமல் ஒவ்வொரு புடவையாக வைத்துக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பான். நிதானமாகச் சொன்னாள்.

உண்மையில் அந்தத் தட்டலை அவனும் கேட்டிருந்தான். நேற்று ஷெட்டைப் பூட்டும்போது. மெதுவாக, பொறுமையாக, யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாத ஒருவர் தட்டுவதுபோல. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் குளியலறைக் கதையிலிருந்து ஆரம்பித்து நிறைய ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

"நானே உள்ள உக்காந்து காட்டறேன். ஒண்ணும் இல்லேன்னா நீ பையைப் பிரிச்சிடணும்."

"கதவைச் சாத்தாதீங்க," என்றாள்.

வாசல் விளக்கு வெளிச்சத்தில் மழை சாய்வாக விழுந்தது. செருப்பை ஜீப்புக்குக் கீழே கழற்றிவிட்டு, புதுப் பெயின்ட்டில் சேறு படாமல், ஸ்பேனரோடு ஏறினான். புதுப் பெயின்ட் வாசனை, அதற்கடியில் துரு, துருவுக்கும் அடியில் வேறொன்று, நெடுநாள் திறக்காத வாயின் வாடை. பெஞ்சில் உட்கார்ந்தான். காற்று எதுவும் வீசவில்லை. கதவு, அவன் எண்ணெய் விட்ட கீலில், சத்தமே இல்லாமல் வந்து சேர்ந்தது.

கிளிக்.

நல்ல தாழ். அவன் வேலை அப்படி.

ஸ்பேனரைத் தடவினான். போல்ட்டெல்லாம் வெளியே. கதவை முட்டினான். அசையவில்லை. சரி, கூப்பிடலாம் என்று திரும்பியபோது எதிர் பெஞ்சு கிறீச்சிட்டது. உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்துகொள்ளும்போது வருகிற சத்தம். ஏதோ ஒன்று, ஈரமாக, குளிராக, பஸ்ஸில் இறங்குபவர் இடித்துக்கொண்டு போவதுபோல அவன் முழங்காலை ஒட்டிக் கடந்து போனது. தாழ் எழும்பியது. விழுந்தது. அவ்வளவுதான்.

ஜீப்புக்குக் கீழே யாரோ செருப்பு மாட்டினார்கள். வார் தளர்ந்த இடது செருப்பு ஒவ்வொரு அடிக்கும் சப்பென்று அடித்தது. அவன் செருப்பு.

சப். சப். சப்.

"இருக்கீங்களா?" மனைவியின் குரல், சமையலறை வாசலிலிருந்து.

வாயைத் திறந்தான். மூச்சு வந்தது. குரல் வரவில்லை. தொண்டையில் அது இருந்த இடம் காலியாக இருந்தது.

"இருக்கேன்," என்றது வெளியே அவன் குரல். "பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல. பையைப் பிரி."

வீட்டுக் கதவு மூடியது. உள்தாழ் போடும் சத்தம்.

ஸ்பேனர் எங்கோ விழுந்திருந்தது. இருட்டில் தகரத்தைத் தடவினான். உள்ளிருந்து பார்த்தால் புடைப்பு ஒரு குழி. குழிக்குள் முஷ்டி போனது. அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

ஓங்கி அடித்தான். மெத்தையில் அடித்ததுபோல் அமுங்கி, மெல்லிய டொக் மட்டும் மிஞ்சியது.

"பாருங்க," என்றாள் வீட்டுக்குள் அவள். "இப்பவும் தட்டுது."

"மழையில தகரம் சுருங்கும். சயின்ஸ்."

அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். சமையலறை விளக்கு அணைந்தது தகர இடுக்கில் தெரிந்தது.

அவன் பெஞ்சில் நேராக உட்கார்ந்தான். கையைக் குழிக்குள் வைத்தான். மெல்லத் தட்ட ஆரம்பித்தான்.